பதினேழாம் கட்டம்

கோப்பு எண் நாற்பத்தொன்று பார் ஏழு.
பெயர் தெய்வசிகாமணி.
மலையாளத்தில் தைவசிகாமணி ஆனார்,
ஆங்கிலத்தில் நடுவில் ஓர் இடைவெளி விழுந்து
இரண்டு ஆளானார்.
காப்பீட்டு அட்டையில் கட்டம் போதாமல்
தெய்வசிகாம என்று நிற்கிறார்.
மணி இல்லாத அந்தக் கோயிலுக்குத்தான்
கொழிஞ்சாம்பாறை ஆஸ்பத்திரி மாடியில் உட்கார்ந்து
நான் பில் போடுகிறேன்.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் லாட்டரிக் கடை.
கடை என்றால் ஒரு மடக்கு மேசை, ஒரு குடை.
கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு
எல்லை தாண்டி நாலடியில் அதிர்ஷ்டம்.
மே மாதம் பின்னால் வந்த டிப்பர் ஒன்று
மேசையையும் இடது தொடையெலும்பையும்
சேர்த்து மடக்கியது.
கம்பி வைத்து, ஆறு வாரம் படுத்து எழுந்தபோது
தொடை பிழிந்துபோட்ட துணி.

பிரஜிதா நாடா பிடித்து அளந்து சொல்வாள், நான் எழுதுவேன்.
வலது நாற்பத்தாறு. இடது முப்பத்தொன்பதரை.
முட்டிச்சில்லுக்கு மேலே பதினைந்து சென்டிமீட்டரில்.
எங்கே அளந்தீர்கள் என்று கேட்டு
ஒருமுறை கொச்சியிலிருந்து திருப்பியிருக்கிறார்கள்.
நரம்பு உயிரோடு இருக்கிறதா?
ஆம். இணைப்பு இரண்டு.
மின்தூண்டல் ஓர் அமர்வுக்கு எத்தனை நிமிடம்?
இருபது. பன்னிரண்டாம் தேதி மட்டும் பதினொன்று,
கரண்ட் போய்விட்டது.
"இருபதுன்னே போடேன் ஜெசிந்தா" என்றார் மேனேஜர்.
பதினொன்று என்றே போட்டேன்.
நேர்மையெல்லாம் இல்லை.
அந்த இருட்டில் ஒயர் ஒட்டிய தொடையோடு
போனைக் காதில் வைத்து
மூன்று மணிக் குலுக்கல் கேட்டுக்கொண்டிருந்தார்,
எனக்கு ஞாபகம் இருந்தது.

ஒட்டுப்பட்டை நான்கு: நுகர்பொருள், தரப்படாது.
பசை போன பட்டையைத் தண்ணீர் தொட்டு ஒட்டி
மேலே சைக்கிள் டியூப் வளையம் மாட்டிக்கொள்கிறார்.
அதற்கு பில் கிடையாது.

தூங்கவிடாதது பதினேழாம் கட்டம்.
சிகிச்சையால் முன்னேற்றம் உண்டா?
உண்டு என்று எழுதினால், இனி எதற்கு என்பார்கள்.
இல்லை என்றால், இதுவரை எதற்கு.
நடுவில் அரை சென்டிமீட்டர் சந்து.
அதில்தான் ஓர் ஆளை
வாக்கரோடு கூட்டிப்போக வேண்டும்.

முதல் மறுப்பு: பெயர் பொருந்தவில்லை.
இரண்டாவது: மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை.
சொல்லக் கூசி நின்றேன்.
தாளை வாங்கி விண்ணப்ப எண்ணைப் பார்த்தார்.
கடைசி நாலு இலக்கத்தை விரலால் தடவினார்.
"இதே நம்பர் போன மாசம் ஐயாயிரம் விழுந்துச்சுங்க,
நாம வித்த சீட்டு."
நாளைக்கு இருநூறு பேரிடம் இல்லை சொல்கிற வாய்.
எனக்கும் பழக்கிக் கொடுத்தது போலிருந்தது.

இன்று மூன்றாம் முறை.
முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு.
பிரஜிதா குமிழைத் திருக, பதினெட்டு, இருபத்திரண்டு,
தோலுக்குக் கீழே தவளை போல் ஒன்று எம்பியது.
"இது மிஷின் தூக்கறதுங்க" என்றார்,
கணக்கில் ஏமாற்றாதவர்.
அவள் மிஷினை அணைத்தாள். "இனி சேட்டன்."

வெளியே பொள்ளாச்சி பஸ் ஒன்று ஹாரன் அடித்து ஓய்ந்தது.
அவர் கழுத்து நரம்பு புடைத்தது, பல் தெரிந்தது.
தொடையில் ஒன்றுமில்லை.
அப்புறம் குதிகால் மெத்தையை விட்டது.
எவ்வளவு என்று குனிந்து பார்த்தும் தெரியவில்லை.
அவரே சட்டைப் பையிலிருந்து
விற்காமல் தங்கிய நேற்றைய சீட்டு ஒன்றை நீட்டினார்.
நுழைத்தேன். போனது.
இழுத்தேன். கிழியாமல் வந்தது.

பதினேழில் எழுதினேன்:
கருவி அணைத்தபின், நோயாளி தானாக, ஒரு தாள் கனம்.
சீட்டை ஸ்டேப்ளர் போட்டுச் சேர்த்தேன்.
இணைப்பு மூன்று.
பரிசு எதுவும் விழாதது.